12 அடிப் புளியமரத்துக்கு 36 இன்ச் பார் வேண்டுமா?

கேள்வி: ஐயா, பட்டுக்கோட்டைப் பக்கம் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மரம் வெட்டும் வேலை செய்கிறோம். கஜா புயலில் விழுந்த தென்னைகளை அப்புறப்படுத்தப் போய்த்தான் இந்தத் தொழிலே எங்களுக்கு அமைந்தது. கையில் 58 சிசி செயின் சா மிஷின் ஒன்று இருக்கிறது, அதில் செயின் ஓடும் நீளத் தகடான பார் 22 இன்ச். தென்னை, வேம்பு, மா என்று இதுவரை அதிலேயே ஓட்டிவிட்டோம். இப்போது சாலையோரப் புளியமரங்களை ஏலம் எடுத்தவர் 18 மரம் தருகிறார். 16 மரம் 7 முதல் 9 அடி சுற்றளவு. இரண்டு மட்டும் 12 அடி. கடையில் 90 சிசி மிஷினும் 36 இன்ச் பாரும் வாங்கச் சொல்கிறார்கள். வேறொருவர் அதே மாடல் பாதி விலைக்கு இருக்கிறது என்கிறார். எதை வாங்கலாம்? மரம் ஏறுவது என் தம்பி. பெரிய மிஷின் வந்ததும் 58 சிசியை அவனுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

36 இன்ச் பார் வேண்டாம். இந்த 18 மரத்துக்காக மட்டும் என்றால் 90 சிசியும் வேண்டாம். 70 சிசி வகுப்பில் உழைக்கிற மிஷின் ஒன்று, அதற்கு 20 இன்ச்சில் ஒன்று, 25 இன்ச்சில் ஒன்று என்று இரண்டு பார், உங்கள் தம்பிக்கு மரத்தில் இருந்து அறுப்பதற்கென்றே செய்த சின்ன மிஷின் ஒன்று. உங்கள் பணத்தை இப்படிப் பிரித்துப் போடுங்கள். பாதி விலை மிஷின் பக்கமே போக வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் மரத்தைச் சுற்றளவில்தான் பேசுவோம். ஆனால் பார் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை முடிவு செய்வது குறுக்களவு. சுற்றளவை 3.14-ஆல் வகுத்துப் பாருங்கள். 7 அடி மரம் குறுக்கே சுமார் 27 இன்ச். 9 அடி மரம் 34 இன்ச். பெரிதாகத் தெரிகிற 12 அடி மரம் 46 இன்ச். அப்புறம், ஒரே பக்கம் நின்று முழு மரத்தையும் அறுத்துத் தள்ள வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று வெட்டைச் சேர்ப்பதுதான் பெரிய மரத்தில் எல்லோரும் செய்வது. அதனால் பாரின் நீளம் குறுக்களவில் பாதியும் அதற்கு மேல் நாலு விரற்கடையும் இருந்தால் போதும். 34 இன்ச் மரத்துக்கு 20 இன்ச் பார் பொருந்திவிடும். 46 இன்ச்சுக்கு 25 இன்ச் பார் கொஞ்சம் இழுபறி, 28 இன்ச் என்றால் தாராளம். 36 இன்ச் எதற்கும் தேவைப்படவில்லை, பார்த்தீர்களா?

இந்தக் கணக்கில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏலப் பட்டியலில் உள்ள சுற்றளவு நெஞ்சு உயரத்தில் எடுத்ததாக இருக்கும். பழைய புளியமரம் தூரில் வேர்ப் புடைப்போடு அகன்று நிற்கும். மேலே 9 அடி இருப்பது கீழே 11 அடிக்குப் போய்விடும். ஏலம் எடுத்தவர் தரையோடு தரையாக அறுக்கச் சொல்வார், அவருக்கு அடித்துண்டில்தான் காசு. மரம் உள்ளே கெட்டியாக இருந்தால் அந்தப் புடைப்புகளை நெட்டுவாக்கில் ஒரு வெட்டு, குறுக்கே ஒரு வெட்டு போட்டு முதலில் எடுத்துவிடுங்கள், தூர் உருண்டையாகிவிடும், பாரும் எட்டும். உள்ளே பொந்து இருந்தால் மட்டும் அதைச் செய்யவே கூடாது. அந்த மரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்பதே அந்தப் புடைப்புதான். கோடாரியின் பின்பக்கத்தால் தூரைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். கெட்டி மரம் கணீரென்று கேட்கும், பொந்து மரம் தொப்பென்று கேட்கும். சாலையோரப் புளியில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு பக்கம் பொந்து இருக்கும் என்று நினைத்துக்கொண்டே போங்கள்.

இனி சிசி. பெரிய மிஷின் வாங்கினால் வேலை இரண்டு மடங்கு வேகமாக நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எண்களை வைத்தே பார்ப்போம். ஸ்டில் எம்எஸ் 462 என்பது 72.2 சிசி, 4.4 கிலோவாட், பார், செயின், பெட்ரோல் எதுவும் இல்லாமல் 6 கிலோ. அதே கம்பெனியின் எம்எஸ் 661 என்பது 91.1 சிசி, 5.4 கிலோவாட், 7.4 கிலோ. ஹஸ்க்வர்னா பக்கம் போனால் 572 எக்ஸ்பி 70.6 சிசி, 4.3 கிலோவாட். 395 எக்ஸ்பி 93.6 சிசி, 4.9 கிலோவாட், 7.9 கிலோ. ஆக, 70-லிருந்து 90-க்குப் போனால் பலம் கூடுவது கால் பங்கு கூட இல்லை. எடை மட்டும் ஒன்றே கால், ஒன்றரைக் கிலோ ஏறிவிடும். அதில் 36 இன்ச் பாரையும் செயினையும் மாட்டி, டேங்கையும் நிரப்பித் தூக்கினால் 10 கிலோவைத் தாண்டும். முழு வேகத்தில் தொடர்ந்து அறுத்தால் அதன் ஒரு டேங்க் பெட்ரோல் அரை மணி கூட நிற்காது.

கூடுதலாகக் கிடைத்த அந்தப் பலமும் நீளமான பாரில்தான் கரையும். மரத்துக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பல் கடிக்கிறதோ அத்தனை பல்லையும் என்ஜின் இழுத்தாக வேண்டும். வைரம் பாய்ந்த புளியில் நீள பாரை முழுதாக இறக்கி அழுத்தினால் 90 சிசியும் முனகும். குட்டையான பார் போட்ட 70 சிசி அதே மரத்தை இரண்டு பக்கமாகக் கடகடவென்று கடித்துக்கொண்டு போகும்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் மரங்களில் பெரும்பாலானவை குறுக்கே 27 முதல் 34 இன்ச். மேலே போகப் போக இன்னும் சிறுக்கும். 36 இன்ச் பார் போட்டால் ஒவ்வொரு வெட்டிலும் நுனி மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அது மண்ணில் குத்தும், கல்லில் உரசும், அடுத்த கட்டையில் இடிக்கும். நுனியின் மேல் கால்வாசிப் பகுதி எதிலாவது இடித்தால் மிஷின் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் திரும்பி எழும். உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நுனி இருக்கும்போதுதான் இது அதிகம் நடக்கிறது. மறுபக்கம் வடம் பிடித்து நிற்கிற ஆளின் கால் எங்கே இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது.

சாணை வேலையையும் கணக்குப் போடுங்கள். 20 இன்ச் பாருக்கு வழக்கமாக 72 இணைப்புள்ள செயின், அதில் 36 வெட்டுப் பல். 36 இன்ச் பாருக்கு 114 இணைப்பு, 57 பல். புளியில் வேலை செய்யும்போது ஒரு நாளைக்குப் பலமுறை அரம் எடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் 57 பல்லைத் தேய்க்க எந்த ஆளுக்கும் பொறுமை இருக்காது. தேய்க்காத செயினோடு பலத்தைக் காட்டி அழுத்துவார், மிஷின் சூடாகும், பார் ஒரு பக்கம் தேயும், வெட்டு கோணலாகப் போகும்.

அப்படியானால் 90 சிசி யாருக்கு? தினமும் 3 அடிக்கு மேல் குறுக்களவுள்ள தூங்குமூஞ்சி, புளி, ஆல் என்று துண்டு போடுகிறவருக்கு. மரத்தைப் படுக்கவைத்து மிஷினிலேயே பலகை அறுப்பவருக்கு. கீழே கிடக்கும் கட்டையைத் துண்டு போடும்போது மிஷினின் எடை கட்டை மேல்தான் உட்காரும், கைக்குப் பாரம் தெரியாது. அந்த வேலையில் 90 சிசி நல்ல துணை. இந்த ஏலக்காரர் உங்களுக்குத் தொடர்ந்து இப்படி வேலை தரப்போகிறார், மாதக்கணக்கில் பெரிய தடிகள்தான் என்றால் அப்போது வாங்குங்கள். அப்போதும் 30 இன்ச் பாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இப்போதைக்கு உங்களிடம் இருப்பது இரண்டே இரண்டு பெரிய மரம். அந்த இரண்டுக்கும் 28 இன்ச் பார் ஒன்றை இரவல் வாங்குங்கள், அல்லது 90 சிசி வைத்திருக்கும் ஆளை ஒரு நாள் கூலிக்குக் கூப்பிடுங்கள். இந்தத் தொழிலில் அப்படிக் கூப்பிடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

எடை குறைவாகவும் வேண்டும், பலமும் வேண்டும் என்று கேட்பவர்களுக்காக 2019-ல் ஸ்டில் எம்எஸ் 500ஐ என்று ஒன்று விற்பனைக்கு வந்தது. கார்புரேட்டரே கிடையாது, பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும் முறை. 79.2 சிசி, 5 கிலோவாட், 6.2 கிலோ. அருமையான மிஷின். ஆனால் அது நின்றுபோனால் அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆளும் கருவியும் உங்கள் ஊரிலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். எந்த மாடலுக்கும் இந்தக் கேள்விதான் முதல் கேள்வி. நான் மேலே சொன்ன பெயர்கள் எல்லாம் அளவு காட்டத்தான். தஞ்சாவூரிலோ பட்டுக்கோட்டையிலோ எந்த டீலர் பிஸ்டன், கிளட்ச் டிரம், ஆயில் பம்ப், ஸ்டார்ட்டர் ஸ்பிரிங் எல்லாம் கடையிலேயே இருப்பு வைத்திருக்கிறாரோ அவரிடம் உள்ள 70 சிசிதான் உங்களுக்கு நல்ல 70 சிசி. மிஷின் ஒரு வாரம் படுத்தால் நான்கு குடும்பத்துக்கு வருமானம் நிற்கும்.

அந்தப் பாதி விலை மிஷினைப் பற்றி. பெரிய கம்பெனிகளின் 90 சிசி மாடல்களை அச்சு அசலாகக் காப்பி அடித்து, நிறமும் ஸ்டிக்கரும் ஒட்டி விற்பது பல நாடுகளில் நடக்கிற வியாபாரம். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் சிலிண்டரின் உள்பூச்சில் இருக்கும், பேரிங்கில் இருக்கும், ஆயில் பம்பில் இருக்கும். இவையெல்லாம் போனால் பணம்தான் போகும். எனக்குக் கவலை செயின் பிரேக். முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் அந்தத் தடுப்பு, மிஷின் திரும்பி எழும்போது செயினை நொடியில் நிறுத்த வேண்டும். நிறுத்துவது கிளட்ச் டிரம்மைச் சுற்றியிருக்கும் ஒரு மெல்லிய இரும்புப் பட்டையும் ஒரு ஸ்பிரிங்கும்தான். அந்த இரும்பு தரமில்லாமல் இருந்தால் தேவைப்படும் நேரத்தில் அறுந்துவிடும் அல்லது வழுக்கிவிடும். அசல்தானா என்று தெரிய வேண்டுமா? மிஷினின் உடம்பில் பொறித்த சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு கம்பெனி டீலரிடம் காட்டுங்கள். பில் தர மறுக்கிறவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

செயினுக்கு வருவோம். இதில்தான் நீங்கள் உண்மையில் பணம் சம்பாதிப்பதும் இழப்பதும். செயின் பல்லில் இரண்டு வகை உண்டு. ஒன்று முனை சதுரமாகக் கூராக இருப்பது, சுத்தமான மரத்தில் பறக்கும். மற்றது முனை சற்று உருண்டது, வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் கூர் நெடுநேரம் நிற்கும். சாலையோர மரத்தின் பட்டையில் பல வருடப் புழுதியும் மணலும் ஏறி உட்கார்ந்திருக்கும். தென்னையில் இயற்கையாகவே சிலிக்கா இருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கும். உங்களுக்கு இரண்டாவது வகைதான் சரி. மிஷினோடு ஒரு செயின் வாங்கிவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். ஒரு பாருக்கு மூன்று செயின் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வீட்டிலேயே மூன்றையும் தீட்டி எடுத்துப் போனால் வெயிலில் உட்கார்ந்து அரம் போடும் வேலை பாதியாகும்.

செயின் கூராக இருக்கிறதா என்பதைப் பல்லைத் தடவிப் பார்க்க வேண்டாம், கீழே விழுவதைப் பாருங்கள். கூர் இருந்தால் வெட்டிலிருந்து வருவது தேங்காய்த் துருவல் போல இழை இழையாக, கனமாக, காலடியிலேயே குவியும். மழுங்கினால் மாவு மாதிரி தூளாகி காற்றில் பறக்கும், வெட்டிலிருந்து லேசாகப் புகை வாசனை வரும், கை தன்னால் அழுத்த ஆரம்பிக்கும். மாவு வரத் தொடங்கிய அந்த நிமிடம் மிஷினை அணையுங்கள். 70 சிசியில் வரும் எட்டில் மூன்று இன்ச் அளவுச் செயினுக்கு 5.2 மில்லிமீட்டர் உருட்டு அரம், 30 டிகிரி சாய்வு. பல்லுக்கு முன்னால் இருக்கும் மேடு, பல் நுனியைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். நம் ஆட்கள் பல்லை மட்டும் தேய்த்துக்கொண்டே போவார்கள், மேட்டைத் தொடமாட்டார்கள். அப்புறம் பல் கூராக இருந்தும் கடிக்காது. அதற்கென்று சின்னத் தகடு அளவி கடையில் கிடைக்கும், வாங்கி டூல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

சாலையோர மரத்துக்கே உரிய தொல்லை ஆணி. விளம்பரத் தகடு, கட்சிப் பலகை, தட்டி கட்டிய கம்பி என்று மரத்தின் வாழ்நாள் முழுக்க அடித்தது எல்லாம் பட்டைக்குள் புதைந்து கிடக்கும். பெரும்பாலும் இடுப்பிலிருந்து ஆள் உயரத்துக்குச் சற்று மேல் வரை. அந்தப் பகுதியில் வெட்டு விழாதபடி துண்டுகளைத் திட்டமிடுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் வெட்டு போகும் கோட்டில் கோடாரியால் பட்டையைச் சீவிவிட்டுப் பாருங்கள். வெட்டிய முகத்தில் நீலமும் கறுப்புமாக ஒரு கறை தீற்றல் தெரிந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது என்று பொருள். இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து விடும் கறை அது. அங்கே நிறுத்தி, ஒரு சாண் தள்ளி அறுங்கள்.

பெட்ரோல் விஷயத்தில் இப்போது முன்பைவிடக் கவனம் வேண்டும். நம் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நாள்பட வைத்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து கேனின் அடியில் தனியாகப் படியும், அதில் என்ஜினுக்காக நாம் பெட்ரோலில் ஊற்றும் ஆயில் சரியாகக் கலந்திருக்காது. அதைக் குடித்த மிஷின் எண்ணெய் இல்லாமல் ஓடுகிறது. என் பட்டறைக்கு ஜாம் ஆகி வருகிற மிஷின்களைப் பிரித்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பிஸ்டனை வெளியே எடுத்துத் திருப்பினால் சைலன்சர் பக்கம் மட்டும் மேலிருந்து கீழாக நகத்தால் பிறாண்டியது போல் கோடு கோடாக இருக்கும். ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிப் போயிருக்கும். மறுபக்கம் புதிது போலப் பளபளக்கும்.

ஸ்க்ரூ திருப்பிச் சரிசெய்யும் கார்புரேட்டருக்கு 10 சதவீத எத்தனாலுக்கு மேல் வேண்டாம் என்பது தயாரிப்பாளர்கள் சொல்வது. தானாகவே கலவையைத் திருத்திக்கொள்ளும் எலக்ட்ரானிக் கார்புரேட்டர் அதைவிட அதிகம் தாங்கும். நம் மெக்கானிக்குகள் எல்லோரும் ஸ்க்ரூ உள்ளதையே வாங்கச் சொல்வார்கள், அவர்களுக்கு அதுதான் கை பழகியது. பக்கத்தில் கம்பெனி சர்வீஸ் இருந்தால் நான் எலக்ட்ரானிக்கைத்தான் சொல்வேன். இல்லையென்றால் ஸ்க்ரூ கார்புரேட்டரை வாங்கி, இந்தப் பெட்ரோலுக்குத் தகுந்தபடி கலவையைக் கொஞ்சம் கொழுப்பாக, அதாவது பெட்ரோல் சற்றுக் கூடுதலாக வைத்துத் தரச் சொல்லி, எத்தனால் குறைவான பெட்ரோல் எங்காவது கிடைக்கிறதா என்று விசாரித்து வையுங்கள். எதுவானாலும் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். கம்பெனி டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, வேறு ஆயில் என்றால் 40 மில்லி. பாட்டில் மூடியில் ஊற்றிக் கண்மதிப்பில் கலப்பது வேண்டாம், அளவு ஜாடி வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து சில நாள் ஓய்வு என்றால் டேங்கைக் காலி செய்து, மிஷின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள்.

செயின் ஆயில் டேங்கில் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றும் பழக்கம் உங்களிடம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அதிலிருக்கும் இரும்புத் தூள் பம்பைத் தின்னும், செயினில் ஒட்டாமல் தெறிக்கும், தெறிப்பது உங்கள் தோலில்தான் படிகிறது. அது தோலுக்குக் கெடுதல். காலையில், வெட்டப்பட்ட கட்டையின் வெளிறிய முகத்துக்கு நேராக பார் நுனியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். சில நொடியில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பார் துளை அடைத்திருக்கிறது.

கடையில் மிஷினைக் கையில் எடுக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். கயிறு இழுக்கும்போது சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைக்கும் டீகம்ப்ரஷன் வால்வ் பட்டன் இருக்கிறதா என்பது ஒன்று. 70 சிசிக்கு மேல் அது இல்லாமல் கயிறு இழுத்தால் பின்னால் உதைத்து விரலைப் பதம் பார்க்கும். மற்றது, கைப்பிடிக்கும் என்ஜினுக்கும் நடுவில் ஸ்பிரிங் வைத்த அமைப்பு. அதிர்வு நேராகக் கைக்கு வந்தால் சில வருடங்களில் விரல் நுனி மரத்துப் போகும், குளிர் நாளில் வெளுத்துப்போகும். ஒரு தடவை வந்தால் திரும்பப் போவது கஷ்டம். உங்கள் 58 சிசியை ஒரு மணி நேரம் ஓட்டியபின் விரல் குறுகுறுக்கிறதா என்று நான்கு பேரும் யோசித்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் தம்பி. கடிதத்தைப் படித்ததும் எனக்குத் திக்கென்று ஆனது இந்த இடத்தில்தான். 58 சிசி மிஷினை மரத்துக்கு மேல் கொண்டுபோகவே கூடாது. அது இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்று அறுக்கச் செய்தது. பாரோடும் பெட்ரோலோடும் சேர்ந்து 7 கிலோவுக்குக் குறையாது. கிளையில் சாய்ந்து நிற்கிறவர் அதை உடம்பிலிருந்து தள்ளிப் பிடிக்க முடியாது, ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுக்கத் தொடங்கிவிடுவார். அங்கேதான் கை போகிறது, கயிறு அறுகிறது. அவருக்கு மேல்கைப்பிடி மிஷின் வாங்கிக் கொடுங்கள். 35 சிசி வகுப்பு, 12 அல்லது 14 இன்ச் பார், மிஷின் மட்டும் 3.7 கிலோ அளவில் கிடைக்கும். அதிலும் அறுக்கும்போது இரண்டு கை. கீழே இருப்பவர்கள் லேசாக இருக்கிறதே என்று அதைத் தரையில் வைத்துக் கிளை கழிக்கப் பயன்படுத்தக் கூடாது, கைப்பிடிகள் நெருங்கியிருப்பதால் திரும்பி எழுந்தால் அடக்க முடியாது.

தென்னை ஏறும் பழக்கத்தில் காலில் மாட்டும் தளைநாரோடு புளியமரம் ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மிஷினோடு ஏறுகிறவருக்கு இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் முழு பெல்ட் வேண்டும். மேலே உறுதியான கவட்டையில் போட்ட கயிறு ஒன்று, இடுப்பைச் சுற்றி மரத்தோடு கட்டும், உள்ளே இரும்புக் கம்பி ஓடும் வார் ஒன்று. அறுக்கும்போது இரண்டும் மாட்டியிருக்க வேண்டும். ஓடுகிற செயின் கயிற்றைத் தொட்டால் கயிறு நொடியில் போய்விடும், அதனால்தான் இரண்டு. மிஷினும் தனி வாரில் பெல்ட்டில் தொங்க வேண்டும். புளியங்கிளை வளையும், சட்டென்று முறியாது என்ற நம்பிக்கையில் மேலே போகாதீர்கள். பொந்து விழுந்த மரத்தில் கிளை எப்போது பிடுங்கிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. சந்தேகமாக இருக்கும் மரத்துக்கு கிரேனோ தொட்டி லிஃப்டோ கேளுங்கள், ஏலக்காரரிடம் அந்தச் செலவைத் தனியாகப் பேசுங்கள்.

நான்கு பேருக்கும் கால் பாதுகாப்பு உடை வேண்டும். உள்ளே நீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். செயின் துணியைக் கிழித்ததும் அந்த இழைகளை உள்ளே இழுத்து செயினை ஓட்டும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் சுற்றிக்கொள்ளும், செயின் நிற்கும். வாங்கும்போது வகுப்பு எண் பாருங்கள். வகுப்பு 1 என்றால் நொடிக்கு 20 மீட்டர் வேகச் செயினில் சோதித்தது, வகுப்பு 2 என்றால் 24 மீட்டர். 70 சிசி மிஷினுக்கு 2 நல்லது. நம் வெயிலில் முழுப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு நிற்க முடியாது என்பார்கள். முன்பக்கம் மட்டும் மறைக்கும், பின்னால் பட்டையில் கட்டும் வகை இருக்கிறது, தரையில் நிற்பவர்களுக்கு அது போதும். மரம் ஏறுகிறவருக்குச் சுற்றிலும் மறைக்கும் வகைதான் வேண்டும். அதோடு முகவலை வைத்த ஹெல்மெட், காது மூடி. இந்த மிஷின்களின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், பஞ்சை அடைத்துக்கொள்வது போதாது. பட்ஜெட் இடிக்கிறது என்றால் 25 இன்ச் பாரைத் தள்ளிப் போடுங்கள், கால் உடையைத் தள்ளிப் போடாதீர்கள்.

வேலையைத் தொடங்கும் முன் ஏலக்காரரிடம் மரம் வெட்டும் அனுமதி உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள மர எண்ணும் சாலையோர மரத்தில் பெயின்டில் எழுதிய எண்ணும் ஒன்றுதானா என்று நீங்களே போய்ச் சரிபாருங்கள். எண் மாறி வெட்டினால் கேஸ் உங்கள் மேல்தான். கம்பி போகும் பக்கம் உள்ள மரங்களுக்கு மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்திய பிறகே ஏற வேண்டும், லைன்மேன் போனில் சொன்னதை மட்டும் நம்பி ஏறக் கூடாது. 7 அடி மரங்களிலிருந்து ஆரம்பியுங்கள். அந்த இரண்டு 12 அடி மரங்களையும் கடைசிக்குத் தள்ளுங்கள். அதற்குள் புது மிஷின் கைக்குப் பழகியிருக்கும், 28 இன்ச் பார் தேவையா, ஆளைக் கூப்பிட வேண்டுமா என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்த இரண்டின் தூரையும் தட்டிப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் பொந்து, எந்தப் பக்கம் சாய்வு என்று எழுதுங்கள். வெட்டும் முறையைத் தனியாகச் சொல்கிறேன்.